118 கிராம்

கிளி வளர்க்கும் வீட்டில் நம்பக்கூடாத ஒன்று, நிறைந்திருக்கும் தீனிக் கிண்ணம். கிளி விதையை அப்படியே விழுங்காது. அலகுக்குள் வைத்து நாக்கால் உருட்டி, தோலை உரித்துக் கிண்ணத்திலேயே துப்பிவிட்டு, உள்ளிருக்கும் பருப்பை மட்டும் தின்னும். இரண்டு நாளில் கிண்ணம் முழுக்க உமியாகிவிடும். எட்ட நின்று பார்த்தால் விதை நிறைய இருப்பதுபோலவே தெரியும். ஊருக்குப் போகிறவர்கள் பறவையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் தினமும் எட்டிப் பார்ப்பார், கிண்ணம் நிறைந்திருக்கும், நிம்மதியாகப் போய்விடுவார். குனிந்து ஒரு தடவை ஊதினால் போதும், உமி பறந்து அடி தெரிந்துவிடும்.

இந்தப் பட்டினியாவது ஊதினால் தெரியும். கிண்ணத்தில் நல்ல விதை நிறைந்திருந்து, பறவையும் வயிறாரத் தின்று, கொழுகொழுவென்று இருந்துகொண்டே பட்டினி கிடக்கும் வகை ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. மீனு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்த வகைப் பட்டினியில் இருந்தாள்.

மீனு ஒரு காக்டெய்ல். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை, கொண்டைக்கிளிக் குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினர். சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. மதுரையில் என் அத்தை வீட்டில் ஐந்து வருடம் வளர்ந்தவள். பெயருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கையில் கிளியோடு நிற்கும் மீனாட்சியின் ஊரில், கிளிக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

மாமா தவறிய பிறகு அந்த வீட்டில் அத்தையும் மீனுவும் மட்டும்தான். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. அதற்கு மேல் தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் அத்தையைப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டான். அவன் குழந்தைக்கு வீசிங் உண்டு. காக்டெய்ல் உடம்பிலிருந்து எப்போதும் வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். அது மூச்சுக்கு ஆகாது. அதனால் அத்தை பெங்களூருக்கும் மீனு சென்னைக்கும் வந்தார்கள்.

கூண்டோடு இரண்டு கிலோ விதைப் பையும், தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் அத்தை எழுதிய ஒரு பட்டியலும் வந்தன. பட்டியல் இப்படி இருந்தது:

காலைல டீல நனைச்ச மாரி பிஸ்கட் பாதி. சூடா குடுக்காதே.
பதினோரு மணிக்கு சூரியகாந்தி ஒரு கை.
மத்தியானம் பருப்பு சோறு, நெய் ஒரு சொட்டு.
சாயந்திரம் மிக்சர்ல இருக்க கடலை. காரத்தைத் தொடச்சிட்டு குடு.
ராத்திரி தினை. போர்வை போத்திவிடு.
தனியா சாப்பிட மாட்டா. கூட யாராச்சும் சாப்பிடணும்.

இவ்வளவு அக்கறையான ஆவணம் ஒன்றை என் பன்னிரண்டு வருட மென்பொருள் வாழ்க்கையில் எந்த டீமும் எனக்குக் கைமாற்றியதில்லை.

வந்த வாரமே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். எதுவும் கோளாறாகத் தெரிந்ததால் இல்லை. புதிதாக வீட்டுக்கு வரும் பறவையை ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று மனைவி சொன்னாள். மருத்துவர் முதலில் தராசில் நிற்க வைத்தார். 118 கிராம். பிறகு ஒரு துண்டில் சுற்றிப் பிடித்து, விரலால் நெஞ்சைத் தடவினார். பறவையின் நெஞ்சுக்கு நடுவில் படகின் அடிக்கட்டைபோல ஓர் எலும்பு ஓடும். அது ஓரளவு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மீனுவுக்குத் தட்டுப்படவில்லை, இரண்டு பக்கமும் கொழுப்பு ஏறி அது பள்ளத்துக்குள் போயிருந்தது. அலகு அளவுக்கு மீறி வளர்ந்து செதில் செதிலாக இருந்தது. வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"முட்டை போடுதா?"

அத்தைக்கு போன் போட்டுக் கேட்டோம். போன வருடம் ஜோடியில்லாமலே இரண்டு தடவை முட்டையிட்டிருக்கிறாள்.

"என்ன சாப்பிடுது?"

காலண்டர் தாளைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இந்த ஊர்ல எனக்கு வர்ற பத்துல எட்டுப் பறவைக்கு இதே மெனுதான்" என்றார். ரத்தம் எடுத்து அனுப்பினார். மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. கல்லீரல் சம்பந்தப்பட்ட எண்கள் ஏறியிருந்தன. கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பித்திருக்கிறது, இப்போது சாப்பாட்டை மாற்றினால் திரும்பி வரலாம், இப்படியே விட்டால் ஒரு நாள் காலையில் கூண்டுக்கு அடியில் கிடப்பாள் என்று தெளிவாகச் சொன்னார்.

விதையில் என்ன பிரச்சினை? கிளி விதை தின்னாமல் வேறு எதைத் தின்னும்? எனக்கும் இதே கேள்விதான் இருந்தது.

தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. தினையில் 4 கிராம் பக்கம்தான். மீனுவைப் போன்ற ஒரு காக்டெய்ல் நாள் முழுக்கத் தின்பது பத்துப் பன்னிரண்டு கிராம் உலர்ந்த தீனி. அதில் ஒரு கிராம் பிஸ்கட் என்றால், அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கு மைதாவும் சர்க்கரையும். நமக்கு அது கடைவாயில் ஒட்டும் துணுக்கு.

கொழுப்பைவிடப் பெரிய சிக்கல், விதையில் இல்லாதவை. விதைகளில் வைட்டமின் ஏ கிட்டத்தட்டக் கிடையாது. அது குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழாயின் உட்படலம் தடித்து வறண்டுபோகும், கிருமிகளுக்குக் கதவு திறந்த மாதிரி. மருத்துவர் வாய்க்குள் டார்ச் அடித்தது அதற்காகத்தான். அடுத்தது கால்சியம். உணவில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக இருக்க வேண்டும். சூரியகாந்தியில் தலைகீழ், பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பெட்டைக்கு இது உயிர்ப் பிரச்சினை. கொழுத்த சாப்பாடு, 'இது குஞ்சு பொரிக்க நல்ல காலம்' என்று உடம்புக்குச் சொல்லி முட்டையிட வைக்கும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய கால்சியமோ அந்தச் சாப்பாட்டில் இருக்காது, எலும்பிலிருந்து உருவப்படும். ஓடு சரியாக அமையாமல், தசைக்கும் வலு இல்லாமல், முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டால் பறவை சில மணி நேரத்தில்கூடச் செத்துப்போகும். இரண்டு தடவை மீனு தப்பித்திருக்கிறாள்.

இதோடு வேண்டாதவைகளின் பட்டியல் ஒன்று. டீயிலும் காபியிலும் இருக்கும் கஃபீன், சாக்லேட், அவகாடோ, வெங்காயம், பூண்டு, உப்பு, ஆப்பிளின் விதை. பாதாமையும் பாலையும் ஊட்டி வளர்க்கிறவர்களும் உண்டு. பறவைக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் வழி கிடையாது.

"காட்டுல அது விதைதானே திங்குது?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியப் புல்வெளியில் காக்டெய்ல்கள் தரையில் இறங்கி விதைதான் பொறுக்குகின்றன. ஆனால் அது ஒரே பையிலிருந்து வருகிற விதை இல்லை. பால் பிடித்த பச்சைக் கதிர், முற்றிய கதிர், முளைவிட்டது, இலை, காய் என்று பருவத்துக்குப் பருவம் மாறும். அதைத் தேடி நாளெல்லாம் பறக்க வேண்டும், தண்ணீர் இருக்கும் இடத்துக்கு இடம் பெயர வேண்டும். மீனு பறந்த அதிகபட்ச தூரம், ஹாலிலிருந்து அடுப்படி வரை. பறக்கிற பறவைக்கான எரிபொருளை, உட்கார்ந்தே இருக்கும் பறவைக்கு ஊற்றிக்கொண்டிருந்தால் அது எங்கே போகும்? கல்லீரலுக்குத்தான்.

இதை யோசிக்கும்போது எனக்கு ராயப்பேட்டை மொட்டை மாடி ஞாபகம் வந்தது. கேமரா பழுதுபார்க்கும் சேகர் என்பவர், 2004 சுனாமிக்குப் பிறகு மாடிக்கு வந்த பச்சைக்கிளிகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கி, பிறகு ஆயிரக்கணக்கில் கிளிகள் வரத் தொடங்கிய கதை சென்னையில் பலருக்குத் தெரியும். நானும் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். பலகைகளில் வரிசை வரிசையாக ஊறவைத்த அரிசி, சுற்றியுள்ள கம்பிகளெல்லாம் பச்சை. அந்தக் கிளிகளுக்கு வெறும் அரிசி போதுமா என்று இன்று என்னை யாராவது கேட்டால், அதைப் பற்றி அவர் ராத்திரி தூங்காமல் கிடக்கத் தேவையில்லை என்பேன். அவை தின்று முடித்ததும் பறந்துவிடும். மீதிச் சத்தை வேறெங்காவது ஒரு வேப்பம்பழத்திலோ கொய்யாவிலோ யாருடைய வேலியிலோ இருக்கும் கோவைப்பழத்திலோ அவையே தேடிக்கொள்ளும். மாடியில் கிடைப்பது அவற்றுக்கு ஒரு வேளை.

கூண்டில் இருப்பதற்கு அப்படி வேறெங்கும் கிடையாது. கதவைச் சாத்திய அந்த நிமிடம், ஒரு பறவை வாழ்நாள் முழுக்கத் தானாகச் செய்திருக்க வேண்டிய அத்தனை தேர்வுகளையும் நாம் வாங்கிக்கொள்கிறோம். நாம் எதை வைக்கவில்லையோ அது அதன் உலகத்திலேயே இல்லை. சரிவிகித உணவு என்ற வார்த்தையை நான் பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் வட்டப் படமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதன் முழு பாரம் என்னவென்று மீனுவின் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

நம் ஊரில் கிளியோடு பழக்கம் ஒன்றும் புதிதில்லை. மதுரைக் கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒன்று இருக்கிறது. தெரு ஓரத்தில் கிளி ஜோசியரின் கிளி, சீட்டை எடுத்துக் கொடுத்ததும் ஒரு நெல்மணியைக் கூலியாக வாங்கிக்கொண்டு உள்ளே போகும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம். அதனால்தான் இன்று வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் காக்டெய்ல், பட்ஜி போன்ற வெளிநாட்டு இனங்கள். இவ்வளவு காலப் பழக்கத்தில் கிளி என்ன பேசும், யாருக்குத் தூது போகும், நமக்கு என்ன நடக்கும் என்று சொல்லும் என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டவர்கள் மிகவும் பிந்தித்தான் வந்தார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் முக்கியமானவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருந்தார்கள். 1980களில் அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பறவை காக்டெய்ல்தான். கோழிக்கு எவ்வளவு புரதம் என்று உலகத்துக்குத் தெரியும், கிளிக்குத் தெரியாது. வளரும் காக்டெய்ல் குஞ்சுக்குத் தீனியில் 20 சதவீதம் புரதம் வேண்டும் என்று அளந்து சொன்னார்கள். எல்லாச் சத்தையும் அரைத்துச் சேர்த்து உருண்டையாக்கும் பெல்லட் தீனிக்குப் பின்னால் இந்த மாதிரி வேலைகள் இருக்கின்றன. எனக்கு இன்னும் பிடித்தது, அதே வளாகத்திலிருந்து 2003இல் வந்த ஓர் ஆய்வு. வளர்ந்த காக்டெய்லுக்கு வைட்டமின் ஏ குறைவதைவிட அளவுக்கு மீறுவதுதான் சீக்கிரம் கெடுதல் செய்கிறது என்று அதில் கண்டார்கள்.

இது என்னைக் கொஞ்சம் நிதானப்படுத்தியது. நெட்டில் படித்துவிட்டு வைட்டமின் சொட்டு மருந்தை வாங்கித் தண்ணீரில் கலக்கிற வேகத்தில்தான் நான் இருந்தேன். மருத்துவர் வேண்டாம் என்றார். கீரையிலும் கேரட்டிலும் இருப்பது வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய பொருள். உடம்பு தனக்கு வேண்டிய அளவுதான் மாற்றிக்கொள்ளும். சொட்டு மருந்தில் இருப்பது நேரடி வைட்டமின். அதிகமானால் உடம்பால் கதவைச் சாத்த முடியாது. நல்லதை நிறையக் கொடுப்பதும் விகிதம் தவறுவதில்தான் சேரும்.

அவர் போட்டுக்கொடுத்த திட்டம் எளிமையானது. சூரியகாந்தி கிண்ணத்திலிருந்து வெளியேற வேண்டும். பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெல்லட். கால்வாசி காய், கீரை: முருங்கைக்கீரை, கேரட், பூசணி, கொத்தமல்லி, முளைகட்டிய பச்சைப்பயறு. மிச்சம் தினை, கம்பு மாதிரி சிறு விதைகள். பழம் ஒரு துண்டு. கூண்டில் ஒரு கணவாய் ஓடு, அலகால் சுரண்டிக் கால்சியம் எடுத்துக்கொள்ள. காலையில் அரை மணி நேரம் பால்கனி வெயில், நிழலும் இருக்கிற மாதிரி. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

கூடவே ஓர் எச்சரிக்கை. "சடார்னு மாத்தாதீங்க. பசிச்சா தின்னும்னு நாய்க்கு வேணா சொல்லலாம். இது பெல்லட்டைச் சாப்பாடுன்னே நினைக்காது. பட்டினி கிடந்தே செத்துப்போகும். ஏற்கெனவே கல்லீரல் சரியில்லை." தினமும் காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, சாப்பிடுவதற்கு முன், எடை போட வேண்டும். வாரத்தில் 3 கிராமுக்கு மேல் இறங்கினால் போன் செய்ய வேண்டும். எச்சம் குறைந்து கரும்பச்சையாக வந்தால் உள்ளே எதுவும் போகவில்லை என்று அர்த்தம்.

சமையலறைத் தராசு வாங்கினேன். ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். தேதி, எடை, வைத்தது, தின்றது, எச்சம் என ஐந்து பத்தி. காலை ஒன்பதரை டீம் மீட்டிங்கில் நேற்று என்ன செய்தோம், இன்று என்ன தடை என்று ஒவ்வொருவராகச் சொல்லும்போது, என் தடை இதுதான் என்று சொல்ல முடியாது: பெல்லட்டை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

முதல் வாரம் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். கீரையைக் கூண்டின் அந்தக் கோடிக்குப் போய் நின்று பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சாயங்காலம் அளந்து வைக்கும் ஒரு ஸ்பூன் தினைக்காக நாள் முழுக்கக் காத்திருந்தாள். பெல்லட்டைப் பொடித்துத் தினையில் கலந்தேன். ஒவ்வொரு தினையாகப் பொறுக்கிவிட்டுப் பொடியை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள். 118, 117, 117, 116, 115. ஆறாம் நாள் 114. என் வேலையில் கீழே இறங்கும் கோடு பல நேரம் நல்ல செய்தி. இந்தக் கோட்டைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைந்தது. மருத்துவரைக் கூப்பிட்டோம். தினையை இரண்டு ஸ்பூன் ஆக்கச் சொன்னார்.

இதற்கு நடுவில் குடும்ப வாட்ஸப் குழுவில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பற்றிப் பேச்சு வந்தது. பெங்களூரில் யாரோ அத்தையிடம் விளையாட்டாக, "நீங்க நெய்யும் பிஸ்கட்டும் ஊட்டி அது லிவரையே காலி பண்ணிட்டீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அத்தையிடமிருந்து தினமும் வரும் போன் வரவில்லை. பத்து நாள். பதினோராம் நாள் நான் கூப்பிட்டேன்.

"என்னத்தை, கோவமா?"

"எனக்கென்னப்பா கோவம். நான் விசம் வச்சவ. நீங்கல்லாம் படிச்சவங்க, காப்பாத்துங்க."

"அப்படி யாரு சொன்னா? டாக்டரே சொன்னாரு, ஊர்ல எல்லாரும் இதத்தான் குடுக்குறாங்கன்னு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்:

"உங்க மாமாவுக்குப் பதினோரு வருசம் அளந்து அளந்து போட்டேன் தம்பி. கேப்பை, கோதுமை, பாகற்காய். விளக்குத்தூண் பக்கம் போறப்பலாம் ஒரு ஜிகர்தண்டா வாங்கித் தாடின்னு பச்சப்புள்ளை மாதிரி கேப்பாரு. குடுத்ததில்ல. அப்படியும் போய்ட்டாரு. அதான் இவளுக்கு அளக்கல. கேட்டதெல்லாம் குடுத்தேன். திங்கிற வாயைப் பாத்துக்கிட்டு இருந்தா அன்னிக்குப் பொழுது போயிரும்."

என்னிடம் கொழுப்புச் சதவீதம் இருந்தது, கால்சியம் கணக்கு இருந்தது, 2003ஆம் வருட ஆய்வு இருந்தது. எதுவும் இந்த இடத்தில் உதவாது. அத்தை சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. அளந்து போட்டும் காப்பாற்ற முடியாத ஒருவரைப் பறிகொடுத்த பிறகு, அளவு என்பதே அந்த அம்மாவுக்குக் கொடுமையாகத் தெரிந்திருக்கிறது. நம் வீடுகளில் "சாப்டியா?" என்பதைத் தவிர அன்பைச் சொல்ல வேறு வார்த்தையை யாரும் அதிகம் பழகவில்லை. ஊட்டுகிற கையைப் பிடித்து, அதில் இருப்பது கெடுதல் என்று சொன்னால், கை கொடுத்ததைத்தான் சொன்னோம், கையைச் சொல்லவில்லை என்று எப்படிப் புரியவைப்பது?

"சரி, இப்ப எதாச்சும் திங்கிறாளா?" என்று அத்தையே கேட்டார்.

"இல்லத்தை. எது வச்சாலும் தள்ளிவிடுறா."

"கூட யாரு சாப்பிடுறா?"

"யாரு சாப்பிடுறான்னா?"

"எழுதிக் குடுத்தேன்லப்பா, கடைசில. தனியா சாப்பிட மாட்டா. கூண்டுக்குள்ள வச்சிட்டு நீ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டா அவ எப்படித் திம்பா?"

காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தேன். மருத்துவர் முதல் ஐந்து வரியைத்தான் கேட்டார். ஆறாவது வரி உணவைப் பற்றியது இல்லை என்று எல்லோருமே கடந்துவிட்டோம். அடுத்த தடவை மருத்துவரிடம் சொன்னபோது, அது ரொம்பச் சரி என்றார். கிளிகள் கூட்டமாக இரை தேடுபவை. எது சாப்பாடு என்பதைக் குஞ்சு தன் பெற்றோரையும் கூட்டத்தையும் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. தெரியாத ஒன்றை யாரும் தின்னாதபோது அதைத் தொடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். மீனுவுக்கு இப்போதிருக்கும் கூட்டம், நானும் என் மனைவியும்.

மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டை மீனுவோடு வைத்துக்கொண்டோம். கூண்டைத் திறந்து அவளை மேசைக்கு விட்டோம். எங்கள் தட்டில் இட்லி. நடுவில் ஒரு சின்னத் தட்டில் ஈரம் சொட்டும் முருங்கைக்கீரைக் கொத்து, துருவிய கேரட், நாலு பெல்லட். மனைவி கீரையை எடுத்துக் கடிப்பதுபோல நடித்து, "ஆகா, என்ன ருசி" என்றாள். நான் ஆள்காட்டி விரல் நகத்தால் பெல்லட்டை டொக் டொக்கென்று கொத்தினேன். முப்பது வயது தாண்டிய இரண்டு பேர் செய்கிற வேலையா என்றால், இல்லைதான். நான்காவது நாள் மீனு மேசை மேல் நடந்து வந்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், என் விரலை அலகால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, நான் கொத்திக்கொண்டிருந்த பெல்லட்டை எடுத்தாள். உடைத்தாள். கீழே போட்டாள். மறுபடி எடுத்தாள்.

முருங்கைக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. பிறகு அதுதான் அவளுக்கு முதல் விருப்பம் ஆகிவிட்டது. 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எங்கள் அபார்ட்மெண்ட் பின்பக்கம் மரமே நிற்கிறது, யாரும் பறிப்பதில்லை. பச்சை மிளகாயையும் விரும்பித் தின்கிறாள். மிளகாயின் காரப் பொருளை உணரும் ஏற்பி நம்மிடம் இருப்பதுபோலப் பறவைகளிடம் வேலை செய்வதில்லை. 2021இல் நோபல் பரிசு வாங்கிய டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம்தான் இந்த வேறுபாட்டின் மூலக்கூறு அளவிலான காரணத்தைக் கண்டு சொன்னது. நாம் கண்ணில் நீர் வழியத் தின்னும் மிளகாய், மீனுவுக்கு விதை நிறைந்த ஒரு மொறுமொறு காய்.

எடைக் கோடு இப்போது பயமுறுத்தாமல் இறங்கியது. இரண்டு மாதத்தில் 110. ஐந்தாவது மாதம் 103. நெஞ்செலும்பு விரலுக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் இறங்கியிருந்தன. முழுக்கச் சரியாகவில்லை, சரியாகும் பக்கம் இருந்தன. அந்த வருடம் அவள் முட்டையிடவில்லை. ஹாலை ஒரே மூச்சில் மூன்று சுற்று பறக்கிறாள். என் லேப்டாப்பின் எஃப் பொத்தான் இப்போது இல்லை.

பொங்கலுக்கு அத்தை சென்னை வந்தார். ஒன்றும் பேசாமல் கூண்டு முன்னால் போய் நின்றார். மீனு கொண்டையைத் தூக்கிக் கத்திய கத்தலில் பக்கத்து ஃப்ளாட்டில் கதவு திறந்தது. "எளச்சிட்டாளே" என்றார் அத்தை. சொல்லும்போது கை பழக்கதோஷத்தில் பிஸ்கட் டப்பாவைத் தேடியது, பிறகு தானாகவே நின்றது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். சூரியகாந்தி விஷமில்லை. கிண்ணத்தில் அது சாப்பாடாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தினமும் இரண்டு விதை, கையிலிருந்து, கூப்பிட்டு வந்ததற்குப் பரிசாகக் கொடுக்கலாம். அந்த இரண்டு விதையை அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன். "ரெண்டுதானா?" என்றார். ரெண்டுதான் என்றேன். முன்பெல்லாம் ஒரு கை நிறைய வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாராம். அன்று இரண்டு விதைக்கு ஐந்து நிமிடம் ஆனது. மீனு தோளில் ஏறி, காதுக் கம்மலைக் கடித்து, முழங்கை வழியாக இறங்கி, ஒன்றை எடுத்து, தோலை அத்தையின் சேலையில் துப்பி, அடுத்ததை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் அத்தை ஒன்று சொன்னார். பெங்களூரில் மருமகள் அவருக்கு எல்லாம் அளந்துதான் வைக்கிறாளாம். அவருக்கும் சர்க்கரை வந்துவிட்டது. "அந்தப் புள்ள மேல குத்தம் சொல்ல முடியாது. ஆனா தட்டை வச்சிட்டு ரூமுக்குப் போயிருது. ஆபீஸ் வேலை." பிறகு சிரித்தார். "எனக்கும் மீனுவுக்கும் ஒரே டாக்டரா போலருக்கு." இந்த விஷயத்தை நான் என் அத்தை மகனிடம் எடுத்துச் சொன்னேன். ராத்திரிச் சாப்பாடாவது சேர்ந்து சாப்பிடுங்கள் என்றேன். முயற்சி செய்கிறோம் என்றான். செய்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன், வாரத்தில் மூன்று நாளாவது.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் காக்டெய்ல் இருபது வருடம் வரை இருக்கும். மீனுவுக்கு எட்டு நடக்கிறது. இன்னும் எத்தனையோ ஆயிரம் காலைகளுக்கு அவளுக்கு என்ன வேண்டும் என்பதை நாங்கள்தான் தீர்மானிக்கப்போகிறோம். அந்த எண்ணம் இப்போதும் அவ்வப்போது கனக்கும். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு பத்தி கூட்டியிருக்கிறேன்: கூட சாப்பிட்டது யார்.

அத்தையின் போன் மறுபடி தினமும் வருகிறது. "மீனு சாப்ட்டாளா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னிக்கு எத்தனை?"

"நூத்தி ரெண்டு, அத்தை. நீங்க?"

"வெறும் வயித்துல நூத்தி முப்பத்தெட்டு. நேத்து அதிரசம் ஒண்ணு தின்னேன்."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்ப்பா. எல்லாரும் உக்காந்து தின்னோம்."